சூரிய ஊற்றின் தண்ணீர்

எகிப்து தேசத்தின் மேற்கு ஓரத்தில், லிபிய எல்லைக்குச் சுமார் முப்பது மைல் இப்பால், சீவா என்று ஒரு பாலைவனச் சோலை இருக்கிறது. மத்தியதரைக் கடலோரப் பட்டணமான மர்ஸா மத்ரூவிலிருந்து தென்மேற்கே 300 கிலோமீட்டர் வெறும் கல்லையும் மணலையும் கடந்து அங்கே போகவேண்டும். கடல் மட்டத்துக்கும் கீழே ஏறக்குறைய அறுபது அடி தாழ்ந்து கிடக்கும் பள்ளம் அது. அந்தப் பள்ளத்தில் நூற்றுக்கணக்கான ஊற்றுகள். ஊற்றுகளைச் சுற்றி ஈச்சை மரங்கள், ஒலிவ மரங்கள். மரங்களுக்கு அப்பால் உப்பு ஏரிகள்.

கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரடோடஸ் இந்த ஊரின் ஊற்று ஒன்றைப் பற்றி ஒரு விசித்திரத்தை எழுதி வைத்தார். அதற்குச் சூரிய ஊற்று என்று பெயர். விடியற்காலையில் அதன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமாம். பொழுது ஏற ஏறக் குளிர்ந்துகொண்டே போய் உச்சி வேளையில் சில்லென்று ஆகிவிடுமாம்; தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சுவது அப்போதுதானாம். பிறகு மறுபடியும் சூடேறி நள்ளிரவில் குமிழியிட்டுக் கொதிக்குமாம். ஐந்தாறு நூற்றாண்டு கழித்து அரியனும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பூமிக்குள்ளிருந்து வரும் ஊற்று நீரின் சூடு இரவு பகலாக ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாறுவது வெளிக்காற்றுதான். பாலைவனத்தில் பகலில் உடம்பு தகிக்கிறது, இரவில் நடுங்குகிறது. தகிக்கிற கைக்குத் தண்ணீர் குளிர்ச்சி. நடுங்குகிற கைக்கு அதே தண்ணீர் வெந்நீர். ஆனாலும் நான் ஹெரடோடஸைப் பரிகாசம் செய்ய மாட்டேன். தண்ணீரைப் பற்றி மனிதன் தன் உடம்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே பகுதியில் அவர் இன்னொன்றும் சொல்லுகிறார். பாலைவனத்தில் இடைவிட்டு இடைவிட்டு உப்புக் குன்றுகள் இருக்கின்றன. அந்த உப்பின் நடுவிலிருந்து குளிர்ந்த இனிய நீர் பீறிட்டு எழுகிறது. அதைச் சுற்றித்தான் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய வீடுகளும் உப்புக் கட்டிகளால் ஆனவை என்கிறார். இந்தச் செய்தியில் ஒரு வார்த்தைதான் எனக்குச் சந்தேகம். இனிய நீர் என்கிறாரே, யாருக்கு இனிமை?

கிறிஸ்துவுக்கு முன் 331-ல் அலெக்சாண்டர் இங்கே வந்தபோது அவனுடைய கூட்டத்துக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நல்ல காலமாக மழை பெய்தது. வழி தவறியபோது இரண்டு காக்கைகள் முன்னால் பறந்து வழி காட்டின என்று சிலரும், இரண்டு பாம்புகள் பேசிக்கொண்டே வழி காட்டின என்று அவனுடைய தளபதி டாலமியும் எழுதினார்கள். அம்மோன் தெய்வத்தின் குறி கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தான். அப்படி நாக்கு வறண்டு வந்து சேர்ந்தவர்களிடம் சீவாவின் தண்ணீர் எப்படி என்று கேட்டால், அமிர்தம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு அந்த ஊற்றுகளின் நீரை ரசாயனசாலையில் சோதித்துப் பார்த்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் உப்பு. பல இடங்களில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நல்ல தண்ணீர். 1,000-க்கு மேலே போகப் போக வாய்க்கு ஒவ்வாது.

தண்ணீரைச் சோதிக்கும் கலை ஒன்றும் நேற்று வந்ததல்ல. ரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ், கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இதற்கென்றே சில பக்கங்களை ஒதுக்கினார். ஊற்றுக்கு அருகில் குடியிருப்பவர்களை முதலில் பார் என்கிறார். உடம்பு உரமாக இருக்கிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா, கால்கள் கோணாமல் இருக்கின்றனவா, கண்ணில் பீளை இல்லாமல் இருக்கிறதா? புது ஊற்றானால், நல்ல வெண்கலப் பாத்திரத்தில் தெளித்துப் பார். கறை படியக் கூடாது. கொதிக்க வைத்துத் தெளியவிட்டு இறுத்துப் பார். அடியில் மண்டி நிற்கக் கூடாது. காய்கறியைப் போட்டு வேகவை, சீக்கிரம் வேகவேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் மூடத்தனம் என்று தள்ள மாட்டேன். பருப்பு வேகாத கிணறு எது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியாதா? இன்றைய ரசாயனக்காரரும் ஒரு தட்டில் அளந்த தண்ணீரை ஊற்றி, வற்றவைத்து, எஞ்சியதை நிறுத்துத்தான் மொத்த உப்பு இவ்வளவு என்று சொல்லுகிறார். விட்ரூவியஸின் வெண்கலப் பாத்திரத்துக்கு ஒரு தராசு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவசரத்துக்கு மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். உப்பு மிகுந்த நீரில் அது எளிதில் பாயும்.

ஆனால் குடிக்கிறவனுக்கு ஒரு நியாயம், பயிருக்கு ஒரு நியாயம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருக்கும் உப்புமண் ஆராய்ச்சிசாலை 1954-ல் ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. பாசன நீரைத் தரம் பிரிக்க உலகம் பூராவும் வெகு காலம் அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு கேள்விகள் முக்கியம். மொத்தத்தில் உப்பு எவ்வளவு என்பது ஒன்று. அந்த உப்பில் சோடியத்தின் பங்கு, கால்சியம், மக்னீசியம் இவற்றோடு ஒப்பிட எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது மிஞ்சினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். இரண்டாவது மிஞ்சினால் களிமண் கூழாகி, காய்ந்தபின் கல்லாக இறுகி, நீரையும் காற்றையும் உள்ளே விடாது. தமிழ்க் குடியானவர்கள் ஒன்றை உவர் என்றும் மற்றொன்றைக் களர் என்றும் எப்போதோ பிரித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் யாரோ, மண்ணைத் தின்று பார்த்தவராக இருக்கவேண்டும்.

அந்தக் கைப்புத்தகத்தின்படி பார்த்தால் சீவாவின் ஊற்றுகள் எல்லாம் கடைசி வகுப்பில் போய் விழும். சாதாரண நிலைமையில் பாசனத்துக்கு ஏற்றவை அல்ல என்பது அந்த வகுப்புக்குத் தீர்ப்பு. ஹெரடோடஸ் காலத்திலிருந்து கணக்கிட்டால்கூட இருபத்துநாலு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தத் தண்ணீரில் ஒரு ஊர் விவசாயம் செய்து பிழைத்திருக்கிறது! எங்கே பிசகு? ஆராய்ச்சிசாலையிலா, ஊரிலா?

இரண்டிலும் பிசகில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். சாதாரண நிலைமை என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஈச்சை மரம் சாதாரண மரமல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1976-ல் வெளியிட்டு 1985-ல் திருத்திய நூலில் பயிர்வாரியாக ஒரு அட்டவணை இருக்கிறது. லிட்டருக்கு 7,000 மில்லிகிராமுக்கும் மேலே உப்புள்ள நீரைப் பாய்ச்சினால்கூட ஈச்சை பாதி விளைச்சல் கொடுக்கும் என்று அந்த அட்டவணை காட்டுகிறது. அத்தனை உப்பில் அவரையும் காரட்டும் முளைத்ததும் மடியும். பாலைவனச் சோலை என்றதும் நமக்கு ஈச்சை மரம் நினைவுக்கு வருகிறதே, அது அழகுக்காக வைத்த மரமல்ல. தண்ணீர் தன் பரீட்சையில் தேறவிட்ட மரம். அடுத்தபடியாகத் தேறியது ஒலிவம். இந்த இரண்டின் நிழலில்தான் மற்றவை.

மரம் மட்டும் போதாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் என்றால் ஒரு கன மீட்டரில் மூன்று கிலோ. ஒரு ஏக்கருக்கு ஒரு வருஷத்தில் ஒரு மீட்டர் உயரம் நிற்கிற அளவு நீர் பாய்ச்சினால் சுமார் 4,000 கன மீட்டர். ஆகவே வருஷத்துக்குப் பன்னிரண்டு டன் உப்பை அந்த ஏக்கரில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடும். உப்பை எடுத்துக்கொண்டு போகாது. அடுத்த வருஷம் இன்னொரு பன்னிரண்டு டன். மேலும் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ளவேண்டும். தள்ளிய தண்ணீர் போய்ச் சேர ஒரு இடமும் வேண்டும். சீவாவில் அந்த இடம் பள்ளத்தின் அடியிலுள்ள ஏரிகள். அங்கிருந்து கடலுக்கு வழி இல்லை. சூரியன்தான் வடிகால்.

அதனால்தான் அந்த ஊரில் உப்பு, மண்ணைப் போல மலிந்துவிட்டது. அம்மோன் கோயில் பூசாரிகள் ஸ்படிகம் போன்ற உப்புப் பாளங்களை ஈச்ச ஓலைக் கூடைகளில் வைத்து ராஜாக்களுக்குக் காணிக்கை கொண்டுபோவார்கள் என்று அரியன் எழுதுகிறார். கடல் உப்பைவிடச் சுத்தமானது என்று எகிப்தியர் அதை யாகங்களுக்கு வைத்துக்கொண்டார்களாம். ஊர்க்காரர்களோ ஏரிக்கரையின் உப்புச் சேற்றை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். கெர்ஷெஃப் என்று அதற்குப் பெயர். காய்ந்தால் சிமெண்டு மாதிரி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நாற்பது ஆண்கள் சேர்ந்து கட்டியதாக ஊர்ப் பரம்பரை சொல்லும் ஷாலிக் கோட்டை இந்த உப்பு மண்ணால் எழுந்தது. மாடிமேல் மாடியாக, வெயில் நுழையாத சந்துகளோடு, எழுநூறு வருஷம் நின்றது. 1926-ல் மூன்று நாள் மழை பெய்தது. கோட்டை கரைந்தது. ஜனங்கள் கீழே இறங்கி வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். இடிந்த மதில்கள் இன்றும் ஊர் நடுவே குன்றின்மேல் நிற்கின்றன. மழையில்லாத ஊரில் மழை எத்தகைய சத்துரு என்று கோயில் கட்டுகிறவர்களும் கோட்டை கட்டுகிறவர்களும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சீவாவின் தண்ணீருக்கு இரண்டு தளங்கள் உண்டு. ஊற்றுகளுக்கும் ஆழமில்லாத கிணறுகளுக்கும் நீர் தருவது மேலேயுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள். அதற்கும் கீழே, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், நூபிய மணற்பாறை இருக்கிறது. எகிப்து, லிபியா, சூடான், சாட் என்ற நான்கு தேசங்களுக்கு அடியில் பரந்து கிடக்கும் மகா நீர்த்தேக்கம் அது. சீவாவில் அந்த ஆழத்து நீரில் உப்பு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கும் குறைவு. மேல் வீட்டில் உப்புக்கரிப்பு, கீழ் வீட்டில் கற்கண்டு!

அந்தக் கற்கண்டுத் தண்ணீர் எப்போது பெய்த மழை? 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மேற்குப் பாலைவனச் சோலைகளின் ஆழ்கிணற்று நீரில் கரைந்திருக்கும் கிரிப்டான் வாயுவின் ஓர் அரிய வகையை அளந்து அதன் வயதைக் கணித்தது. இடத்துக்கு இடம் இரண்டு லட்சம் வருஷத்திலிருந்து பத்து லட்சம் வருஷம் வரை வந்தது. சஹாரா பச்சைப் பசேலென்று இருந்த யுகங்களில் பெய்த மழை. இப்போது எடுக்கிற நீருக்கு ஈடாக மேலிருந்து சேருவது அற்பம். வரவில்லாத கணக்கு.

இந்த நீரைத் தொட்டவர்கள் நாம் முதல் தலைமுறையும் அல்ல. கார்கா சோலையின் தெற்கே அய்ன் மனாவிர் என்ற இடத்தில், பாரசீகர் எகிப்தை ஆண்ட காலத்தில், குன்றுக்குள் சுரங்கக் கால்வாய்கள் குடைந்து நீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரெஞ்சு அகழ்வாராய்ச்சிக்காரர்கள் அங்கே கோயிலிலும் வீடுகளிலும் எழுத்துள்ள பானையோடுகளை நூற்றுக்கணக்கில் கண்டெடுத்தார்கள். அவற்றில் பல, தண்ணீர் பற்றிய பத்திரங்கள். நிலத்தை அல்ல, தண்ணீர் பாயும் நாளை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பிறகு கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஒலிம்பியோடோரஸ் என்பவர், சோலைகளில் 200, 300, சில இடங்களில் 500 முழம்கூடக் கிணறு தோண்டுகிறார்கள், தண்ணீர் தானே வாய்வழியே பொங்கி ஓடுகிறது என்று எழுதினார். இரும்பு யந்திரம் இல்லாத நாளில் 500 முழமா என்று சந்தேகிக்கத் தோன்றும். பழைய கிணறுகளைத் தூர் வாரியவர்களுக்கு அந்தச் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிட்டது.

1959-ல் எகிப்து அரசு கார்கா, தாக்லா சோலைகளில் புதுப் பள்ளத்தாக்கு என்று ஒரு பெருந் திட்டத்தை ஆரம்பித்தது. நைல் கரையில் இடம் போதாத குடியானவர்களை அங்கே கொண்டுவந்து வைப்பது நோக்கம். ஆழக் கிணறுகளை இறக்கினார்கள். ஆரம்பத்தில் நீர் பீறிட்டது. ஒரு கிணறு திறந்தால் அருகிலிருக்கும் இன்னொன்றின் வேகம் தளர்ந்தது. சில வருஷங்களில் தானே பாய்ந்த கிணறுகள் பம்புக்குக் காத்துநின்றன. இன்னொரு தொல்லை, யாரும் எதிர்பாராதது. நாக்குக்கு அவ்வளவு இனிய அந்த நீரில் கரியமில வாயுவும் கந்தக வாடையுள்ள வாயுவும் இரும்பும் கலந்திருந்தன. உப்புக் குறைவான நீர்தான்; ஆனால் கிணற்றில் இறக்கிய எஃகுக் குழாயை அரித்துத் தின்றது. சில கிணறுகள் சில ஆண்டுகளிலேயே பழுதாகிவிட்டன. வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு செங்காவியாகப் படிந்தது. பின்னாளில் சொட்டு நீர்க் குழாய்கள் வந்தபோது அவற்றின் துளைகளை அதே காவி அடைத்தது. மனிதனுக்கும் ஈச்சைக்கும் ஏற்ற நீர் குழாய்க்கு ஏற்றதாக இல்லை.

நாக்குக்குத் தெரியாத இன்னும் சில உண்டு. ஜோர்தானின் தென்கோடியில் டிசி என்ற இடத்தில் இதே மாதிரி பழங்கால மணற்பாறை நீர், குடிக்க நேர்த்தியாக இருக்கிறது. 2009-ல் அதில் குடிநீர் வரம்பை மீறிய ரேடியம் இருப்பதாக ஓர் ஆராய்ச்சி சொன்னது. அல்ஜீரியாவின் சூஃப் சோலையில் புளோரைடு மிகுதி. பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிறது. விட்ரூவியஸ் அந்த ஊருக்கு வந்திருந்தால், யந்திரம் இல்லாமலே, பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டிருப்பார்.

சூஃபைப் பற்றிச் சொல்லும்போது அங்கே நடந்த இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். சூஃப் ஜனங்கள் மரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதில்லை. மரத்தைத் தண்ணீருக்கு இறக்கினார்கள். மணலைக் கூடை கூடையாக அள்ளிக் குழி தோண்டி, நிலத்தடி நீருக்கு மிக அருகே ஈச்சையை நட்டார்கள். வேர் தானே குடித்துக்கொண்டது. காற்று தினமும் கொண்டுவந்து போடும் மணலை தினமும் சுமந்து வெளியே கொட்டினார்கள், பரம்பரை பரம்பரையாக. பிறகு நவீனம் வந்தது. மிக ஆழத்திலிருந்து தாராளமாக நீர் எடுத்து வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். உபயோகித்த தண்ணீர் வெளியேற வழி செய்யவில்லை. அது நிலத்துக்குள் இறங்கி மேல்நீரை உயர்த்திற்று. 1980-களிலிருந்து குழி குழியாக ஈச்சந் தோப்புகள் அழுக்கு நீரில் மூழ்கி அழுகின. பாலைவனத்தில் மரங்கள் தண்ணீரில் மூழ்கிச் செத்தன என்று ஒரு நாவலில் எழுதினால், பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

சீவாவுக்கும் அதே காலத்தில் அதே வியாதி வந்தது. பாதை வந்தது, வியாபாரம் வந்தது, ஒலிவத் தோட்டங்கள் பெருகின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளைச் சுண்ணாம்புப் பாறைக்குள் அவரவர் கைவேலையாகவே தோண்டிவிட்டார்கள். உள்ளே குழாய் இல்லை, வாயில் மூடி இல்லை. தானே பொங்கும் நீர் ஆகையால் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருந்தது. முன்னாளில் ஒவ்வொரு ஊற்றுக்கும் பங்குதாரர்கள் இருந்தார்கள்; இன்னாருக்கு இத்தனை வேளை என்று கணக்கு இருந்தது. புதுக் கிணற்றுக்குப் பங்காளி யார்? ஓடிய நீரெல்லாம் பள்ளத்துக்கு வந்தது. ஏரிகள் அகன்றன. நிலத்தடி நீர் மேலே ஏறி வேரைத் தொட்டது. வெயில் அதை உறிஞ்சி, மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்காக உப்பை விட்டுவைத்தது. கரையோரத் தோப்புகளில் ஈச்சைகள் தலை காய்ந்து கம்பங்களாக நிற்கின்றன. ஏழாயிரம் மில்லிகிராமைத் தாங்கும் மரத்துக்கும், காலடியில் கடலைவிடக் கனத்த உப்பு நீர் நின்றால் கதி ஏது?

தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் சீவாவின் பழைய ஊற்று நீரைக் கடைசி வகுப்பில் போட்டார்கள், ஆழத்து நீரை முதல் வகுப்பில் போட்டார்கள். இரண்டு மதிப்பெண்ணும் சரியே. ஆனால் அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. பயன்பட்ட பின் அந்த நீர் எங்கே போகும் என்பது. அளவோடு பாய்ந்த கடைசி வகுப்பு நீர் தோப்புகளைக் காத்தது. அளவில்லாமல் பாய்ந்தபோது அதே நீர் அவற்றைக் கொன்றது. முதல் வகுப்பு நீரையும் அதே மாதிரி திறந்துவிட்டால், ஏரி அதன் ருசியைப் பார்த்து இரக்கம் காட்டாது. அதிலும் இன்னொரு அபாயம் இருக்கிறது. சீவாவுக்கு வடக்கே அந்த மணற்பாறையிலுள்ள நீர் உப்பு நீர். இனிய நீருக்கும் உப்பு நீருக்கும் உள்ள எல்லை சோலைக்குத் தொலைவில் இல்லை. தெற்கேயிருந்து வரும் இனிய நீரை அளவு மீறி இறைத்தால், வடக்கேயிருக்கும் உப்பு அந்த இடத்துக்கு நகரும். பத்து லட்சம் வருஷத்துச் சொத்தைக் கெடுக்க ஐம்பது வருஷப் பம்பு போதும்.

அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் கட்டுப்பாடற்ற கிணறுகளை அடைக்கவும், வடிகால் நீரைச் சோலைக்கு வெளியே கிழக்கிலுள்ள ஒரு பள்ளத்துக்கு அனுப்பவும் வேலை தொடங்கிற்று. குடியானவர்கள் எளிதில் கிணற்றை மூடச் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தன் பிள்ளைகளுக்கென்று கையால் தோண்டிய கிணற்றுக்குச் சிமெண்டு போடு என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆழத்து இனிய நீரைப் பாட்டில்களில் அடைத்து வெளியூருக்கு அனுப்பும் தொழிற்சாலைகளும் சீவாவில் இருக்கின்றன. ஏரிக்கரையில் யந்திரங்கள் உப்பை வெட்டுகின்றன. அந்த உப்பு இப்போது ராஜாக்களுக்குக் காணிக்கையாகப் போவதில்லை. கப்பலேறிக் குளிர் தேசங்களுக்குப் போகிறது. அங்கே மாரிக்காலத்தில் சாலைகளில் விழும் பனியைக் கரைக்க அதைத் தூவுகிறார்கள்.